கூலன்ட் குறையுது, ஒழுகல் இல்லையா?

செகண்ட் ஹேண்டில் வாங்கின என் பிஎஸ்4 லாரி, நாமக்கல்லில் இருந்து சேலம் போய்த் திரும்புவதற்குள் ஒன்றரை லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குடித்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

இன்ஜின் ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கணும். அவசரப்பட்டதற்கு என் முழங்கையில் தழும்பு இருக்கு. ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப் அடித்துளை, இந்த இடங்களில் காய்ந்த தடம் தெரிகிறதா பாருங்கள்.

தெரியலையா? மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். முதலில் நாலு குமிழி வரும், அது காற்று. நிற்காமல் கொப்பளித்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மேல் சந்தேகப்படலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் டீ மாதிரி இருந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம், பேரிங் போயிடும். கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தால், ஹெட்டை இறக்கும் முன், இன்ஜின் ஆயிலைக் கூலன்ட்டால் ஆற்றும் ஆயில் கூலரைச் சோதியுங்கள்.

என் வண்டிக்கும் ஹெட்டை இறக்கணும்னுதான் மெக்கானிக் சொன்னார். குமிழியே வரலையே என்று இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) பைப்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளே கரி, ஈர மை மாதிரி குழைந்து கிடந்தது. விரலில் தொட்டால் பிசுபிசுப்பு. ஓட்டை, அந்தப் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் இஜிஆர் கூலரில். கூலன்ட் புகையோடு போயிருக்கு.