களவா மீன் செவுளில் புதிய தட்டைப்புழு: விவரிப்பது எப்படி?

களவா மீன்களின் செவுளில் வாழும் சூடோராப்டோசினோகஸ் பேரினப் புழுக்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாதவை. இவற்றில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது முக்கியமாக கெட்டிப்பட்ட யோனியின் (பெண் இனப்பெருக்கக் குழாயின் கடினப் பகுதி) வடிவம். அது தெளிவாகத் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

1. ஒவ்வொரு மீனையும் தனிப் பையில் வையுங்கள். ஒரே வாளியில் போட்டால் புழுக்கள் மீன் மாறிவிடும். நிறம் மங்குமுன் படமெடுத்து, நீளம் அளந்து, துடுப்புத் துண்டு ஒன்றை எத்தனாலில் வையுங்கள். மீனின் பெயர் தவறினால் விவரிப்பே ஆட்டம் காணும்.

2. மீன் செத்ததும் புழு அழுகத் தொடங்கும். செவுளை உடனே வெட்டி, கடல்நீரில் ஸ்டீரியோ நுண்நோக்கியில் தேடுங்கள். புழுவைப் பிடித்து இழுக்காதீர்கள், கொக்கிகள் செவுளிலேயே தங்கிவிடும். மெல்லிய ஊசியால் ஒட்டுறுப்பின் (கொக்கிகள் உள்ள பின்முனை) அடியிலிருந்து நெம்புங்கள்.

3. புழுக்களை இரண்டு குழுக்களாகப் பிரியுங்கள். கடினப் பகுதிகளைப் பார்க்க அம்மோனியம் பிக்ரேட்–கிளிசரின் கலவை, மென்னுறுப்புகளுக்கு கார்மைன் சாயமும், ஸ்லைடில் நிலையாகப் பதிக்கும் பிசினான கனடா பால்சமும்.

பெரும்பாலோர் தடுமாறுவது பிக்ரேட்டில்தான். துளி நீரில் புழுவை வைத்து கவர்ஸ்லிப்பால் மூடுங்கள். ஓரத்தில் பிக்ரேட்டை விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளால் நீரை உறிஞ்சுங்கள். புழு மெல்ல மெல்லத் தட்டையாகும். யோனி முழுதும் ஒரே குவியத்தில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் அழுத்தினால் யோனி நசுங்கி, இல்லாத ‘புது’ வடிவம் ஒன்று தோன்றும். உடல் அளவும் பெருகும். அதனால் பிக்ரேட் அளவுகளையும் கார்மைன் அளவுகளையும் ஒரே சராசரியில் சேர்க்கவே கூடாது. அட்டவணையில் தனித்தனி வரிசை கொடுங்கள். பிக்ரேட் உலர்ந்தால் வெடிக்கக்கூடியது, புட்டி மூடியில் படிகம் சேரவிடாதீர்கள்.

4. டிஎன்ஏவுக்கு யோனிக்கும் ஒட்டுறுப்புக்கும் இடைப்பட்ட துண்டை வெட்டி 95% எத்தனாலில் போடுங்கள், மீதியை ஸ்லைடாக்குங்கள். டிஎன்ஏ வரிசையும் உருவமும் ஒரே புழுவுடையவை என்பதற்கு இதுவே சான்று. இனங்களை ஒப்பிட உதவும் 28எஸ், சிஓஐ ஆகிய இரு மரபணுக்களின் வரிசைகளையும் எடுங்கள்.

5. வரைவதற்கு கேமரா லூசிடாவே (நுண்நோக்கியில் தெரிவதைத் தாளின்மேல் காட்டி வரைய உதவும் கருவி) என் தேர்வு. புகைப்படம் ஒரு குவியத்தை மட்டுமே காட்டும். கையோ எல்லா ஆழத்தையும் ஒரே கோட்டில் சேர்க்கும்.

6. 1999-க்குப் பின் வெளியாகும் இனங்களுக்கு, ஹோலோடைப் (இனப்பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) எது, எந்த அருங்காட்சியகத்தில் சேரும் என்பதைக் கட்டுரையிலேயே குறிப்பிட வேண்டும். பிக்ரேட் ஸ்லைடை அப்படியே கொடுக்காமல் பால்சமுக்கு மாற்றிக் கொடுங்கள். மின்வடிவில் மட்டும் வெளியாகும் இதழென்றால், அதற்குமுன் கட்டுரையை ஜூபேங்கில் (விலங்குப் பெயர்களின் அதிகாரபூர்வ இணையப் பதிவேடு) பதிந்து, பதிவு விவரத்தைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும். தவறினால் பெயர் செல்லாது.