நேரத்தோடு மாறும் லோடு: சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைனைட் எலிமென்ட் மாடலில் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் மாடல்) மெஷ்ஷுக்காக, அதாவது அந்தத் துண்டுகளின் வலைக்காக, நாள்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள்கூட, நேரத்தோடு மாறும் லோடை (பொருளின் மேல் விழும் விசையை) இரண்டு நிமிடத்தில் அட்டவணையில் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன. சிக்கல் என்னவென்றால், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. ரிசல்ட்டும் பார்க்க அழகாகவே இருக்கும்.

நாம் எதுவும் சொல்லாதபோது மென்பொருள் தானாக என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள். அபாகஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் வழக்கமான ஸ்டாட்டிக் ஸ்டெப்பில் (முடுக்கத்தைக் கணக்கில் எடுக்காத கணக்கீட்டுக் கட்டம்) லோடு பூஜ்ஜியத்திலிருந்து சீராக ஏறும். முடுக்கத்தையும் கணக்கில் எடுத்து, நேரத்தில் சிறு சிறு தாவல்களாக நகரும் எக்ஸ்ப்ளிசிட் டைனமிக் ஸ்டெப்பிலோ முதல் கணத்திலேயே முழு லோடும் விழும். ஸ்டாட்டிக் மாடலை அப்படியே டைனமிக்குக்கு மாற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டேம்பிங் (அலைவைத் தணிக்கும் தன்மை) இல்லாத ஒற்றை ஸ்பிரிங்-நிறை அமைப்பில் திடீரென விழும் லோடு, ஸ்டாட்டிக் விலகலைப் போல இரண்டு மடங்கு தரும். இயற்பியல்படி அது சரிதான். ஆனால் நிஜத்தில் அந்த லோடு திடீரென்றா வருகிறது? அதே லோடு, அமைப்பின் ஒரு முழு அலைவு நேரத்தில் சீராக ஏறினால், ஏறி முடித்தபின் ஊசலாட்டமே மிஞ்சாது. ஏறும் நேரத்தையும் லோடின் அளவைப் போலவே யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பெருக்கல். லோடு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று எழுதும் ஆம்ப்ளிட்யூட் அட்டவணையில் இருப்பது லோடைப் பெருக்கும் எண். லோடிலும் 500, அட்டவணையிலும் 500 என்று எழுதினால் 2,50,000 நியூட்டன் விழும்.

அட்டவணையின் நேரம் ஸ்டெப் தொடக்கத்திலிருந்தா, மொத்த நேரத்திலிருந்தா என்பதையும் பாருங்கள். அபாகஸ் தானாக எடுப்பது ஸ்டெப் நேரம். அட்டவணை முடிந்தபின் கடைசி மதிப்பு அப்படியே நீடிக்கும். ஆகவே குறுகிய துடிப்பு என்றால் கடைசி வரியில் பூஜ்ஜியம் எழுதியே ஆக வேண்டும்.

அப்புறம் நேர இடைவெளி, அதாவது மென்பொருள் ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்துக்குத் தாவும் அளவு. 50 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். சுற்றுக்கு 20 புள்ளி என்ற பரவலான வழக்கப்படி 1 மில்லிசெகண்ட் இடைவெளி வேண்டும். தானியங்கி இடைவெளியை நம்பி விட்டுவிட்டால், 5 மில்லிசெகண்ட் தாவலில் 2 மில்லிசெகண்ட் துடிப்பு ஒன்று தடயமே இல்லாமல் காணாமல் போகலாம். அதிகபட்ச இடைவெளியைக் கையால் கட்டுப்படுத்துங்கள்.

விசைக்குப் பதில் இடப்பெயர்ச்சியைக் கொடுத்தால், அது நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோட்டில் கூர்மையான முனை இருக்கவே கூடாது. முனையில் வேகம் சட்டென மாறும், முடுக்கம் எகிறும், ரிசல்ட்டில் இரைச்சல் நிறையும். முனையில்லாமல் மென்மையாக ஏறும் ஸ்மூத் ஸ்டெப் வளைவு இதற்காகவே இருக்கிறது.

ரன் முடிந்ததும் ஸ்ட்ரெஸ் வண்ணப்படத்துக்கு ஓடாதீர்கள். முதலில் ரியாக்‌ஷன் விசைகளின் (தாங்கும் இடங்கள் திருப்பித் தரும் விசைகள்) கூட்டலை நேரத்தோடு வரைந்து, கொடுத்த லோடின் மேல் வைத்துப் பாருங்கள். டைனமிக்கில் இரண்டும் அப்படியே பொருந்தாது. வித்தியாசத்தை நிறையும் முடுக்கமும் டேம்பிங்கும் விளக்க வேண்டும். விளக்கவில்லையென்றால் லோடு அட்டவணையைத் திறந்து முதல் வரியிலிருந்து சரிபாருங்கள்.