ஓடாமலே ஓடும் 'ரன்': ஆங்கிலம் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு இப்போது விருந்தினர் தங்கும் இடமாக இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்குச் சாயங்காலத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு நாள் காலையில் மாடி அறையிலிருந்து வெளிநாட்டு அம்மா ஒருவர், "தி வாட்டர் இஸ் ரன்னிங் அவுட்!" என்று குரல் கொடுத்திருக்கிறார். வாட்டர் என்றால் தண்ணீர், ரன்னிங் என்றால் ஓடுகிறது, அவுட் என்றால் வெளியே. தம்பி கொல்லைக்குப் போய் ஒவ்வொரு குழாயாகப் பார்த்திருக்கிறார். எங்கேயும் தண்ணீர் வெளியே ஓடவில்லை. அந்த அம்மாவோ தலையில் ஷாம்பு நுரையோடு நின்றிருக்கிறார். தொட்டியில் தண்ணீர் தீரப்போகிறது என்பதுதான் அவர் சொன்னது.

தம்பி அர்த்தம் பார்த்த முறையில் தப்பில்லை, அந்தச் சொல் அப்படிப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக 'ரன்' என்ற வினையை ஆராய்ந்தபோது 645 பொருள்கள் தேறியதாக 2011இல் செய்தி வந்தது. பயப்பட வேண்டாம். அதில் பாதி வழியை உங்கள் தாய்மொழியே காட்டிவிடும்.

படி 1: தமிழ் 'ஓடு'விலிருந்து தொடங்குங்கள்

மோட்டார் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது என்கிறோம். இந்த மூன்றும் ஆங்கிலத்திலும் ரன்தான். "தி மோட்டார் இஸ் ரன்னிங்." "தி பல்லவன் ரன்ஸ் டெய்லி", அதாவது காரைக்குடிக்கும் சென்னைக்கும் இடையே பல்லவன் ரயில் தினமும் ஓடுகிறது. "தி ஃபிலிம் ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்." இறந்தகாலம் 'ரேன்', 'ஹேவ்' சேர்ந்தால் மறுபடியும் 'ரன்'. 'ரன்டு' என்று ஒரு சொல்லே கிடையாது.

ஒரு எச்சரிக்கை. "எனக்கு ஒண்ணும் ஓடலை" என்பதற்கு ரன் போடாதீர்கள். அதற்கு "ஐ கான்ட் திங்க் ஸ்ட்ரெய்ட்" என்று சொல்ல வேண்டும்.

படி 2: எதை ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள்

ரன்னுக்குப் பின்னால் நேராக ஒரு கடையோ ஹோட்டலோ வீடோ வந்தால் அர்த்தம் 'நடத்து'. "ஷீ ரன்ஸ் எ ஷாப்", கடை நடத்துகிறார். செட்டிநாட்டில் கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பார்கள். ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கு. அந்த வீட்டு மருமகளைப் பற்றி, "ஷீ ரன்ஸ் ஹர் ஓன் கிச்சன்" என்று சொல்லலாம். எனக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைத்ததில்லை.

இதில் 'இன்' என்ற ஒரு சின்னச் சொல் நுழைந்தால் எல்லாம் மாறிவிடும். "ஷீ ரன்ஸ் தி ஃபேமிலி" என்றால் அவர் குடும்பத்தை நடத்துகிறார். "குட் குக்கிங் ரன்ஸ் இன் தி ஃபேமிலி" என்றால் கைப்பக்குவம் அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. ஆச்சி வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு விருந்தினர் இரண்டாவதைச் சொன்னால் அது பாராட்டு.

படி 3: அசையாத பொருள் ஓடினால் 'நீள்கிறது'

செட்டிநாட்டு வீடுகள் பல, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும். "தி ஹவுஸ் ரன்ஸ் ஃப்ரம் ஒன் ஸ்ட்ரீட் டு தி நெக்ஸ்ட்." வீடு நகரவில்லை, அதைப் பார்க்கும் கண்தான் ஓடுகிறது.

படி 4: சாயம்

சேலைக் கடையில் நிற்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விரித்துப் பார்க்கும் வெளிநாட்டவர், "வில் தி கலர் ரன்?" என்று கேட்கக்கூடும். நாம் "சாயம் போகுமா?" என்ற ஒரே கேள்வியில் இரண்டு கவலைகளை அடக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவை தனித்தனி. சாயம் தண்ணீரில் கரைந்து பக்கத்துத் துணியில் ஏறினால் 'ரன்'. நாளாக நாளாக நிறம் மங்கினால் 'ஃபேட்'. அவர் கேட்பது முதலாவதைப் பற்றி. முதல் சலவையில் கொஞ்சம் இறங்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால், "இட் மே ரன் இன் தி ஃபர்ஸ்ட் வாஷ், ப்ளீஸ் வாஷ் இட் செப்பரேட்லி" என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 'ஃபேட்' என்று பதில் சொன்னால், சேலை சீக்கிரம் வெளுத்துவிடும் என்று நினைத்து அவர் மடித்து வைத்துவிடுவார்.

மூக்கு ஒழுகுவதும் ரன்தான். ஆனால் 'ரன்னிங் நோஸ்' வேண்டாம், 'ரன்னி நோஸ்' என்று பழகுங்கள்.

படி 5: வாலைப் பிடியுங்கள்

ரன்னுக்குப் பின்னால் ஒட்டும் சின்னச் சொற்களில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 'ரன் அவுட்' என்றதும் கிரிக்கெட் ஞாபகம் வரும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, தீர்ந்துபோவதை நினையுங்கள். பொருளை முன்னால் வைத்தால் "தி மில்க் ஹேஸ் ரன் அவுட்". ஆளை முன்னால் வைத்தால் 'ஆஃப்' கட்டாயம்: "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்". இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே, பால் தீர்ந்துவிட்டது. முழுதும் தீராமல் குறைந்துகொண்டு வந்தால் 'ரன்னிங் லோ'.

'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது. "ஐ ரேன் இன்டு மை டீச்சர் அட் தி மார்க்கெட்", சந்தையில் வாத்தியாரைப் பார்த்தேன். இதில் 'இன்டு'வுக்குப் பதில் 'ஓவர்' போட்டால் வாத்தியார் மேல் வண்டியை ஏற்றிவிட்டீர்கள் என்று ஆகிவிடும். அப்புறம் 'ரன்னிங் லேட்' என்றால் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

தேர்தலில் நிற்பதை அமெரிக்கர்கள் 'ரன்' என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் நம்மைப் போலவே 'ஸ்டாண்ட்', அதாவது நிற்பது என்பார்கள்.

படி 6: எழுதிப் பாருங்கள்

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் தங்காது. உங்கள் வேலையிடத்தில் இன்றைக்கு நடந்த மூன்று விஷயங்களை ரன் வைத்து எழுதுங்கள். கேஸ் தீர்ந்தது, பஸ் தாமதம், யாரையோ வழியில் பார்த்தது, எதுவானாலும் சரி. எழுதியதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தம்பி எழுதிய முதல் இரண்டு வாக்கியங்கள் இப்போது அந்த மாடி அறைக் கதவில் மாட்டும் அட்டையில் இருக்கின்றன. தொட்டி காலியாகும் நேரத்தில் எடுத்து மாட்டுகிறார்: "வீ ஆர் ரன்னிங் லோ ஆன் வாட்டர். தி மோட்டார் இஸ் ரன்னிங் நவ்."