மே 4க்கு இரண்டு கதை: குடும்பத்துக்கு ஓர் ஆண்டுநிறைவு நாட்காட்டி செய்வது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஒரு மே 4 அன்று, பசியாறிக்கொண்டே எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் "இன்று ஸ்டார் வார்ஸ் வெளியான நாள்" என்று படத்தோடு போட்டுவிட்டேன். பெரியப்பாவிடமிருந்து குரல்பதிவு வந்தது: "டேய் தம்பி, இன்னிக்கு மலாயா கணபதியைத் தூக்குல போட்ட நாள், அது தெரியுமா உனக்கு?"

தெரியாது, அவர் ஒரு தொழிற்சங்கத் தலைவர் என்பதுகூட. அதைவிடக் கேவலம், நான் போட்டதே தப்பு. அந்தப் படம் வெளியானது 1977 மே 25. அதில் வரும் 'மே தி ஃபோர்ஸ் பி வித் யூ' என்ற வசனத்தின் 'ஃபோர்ஸ்', நான்காம் தேதியைச் சொல்லும் 'ஃபோர்த்' இரண்டும் ஆங்கிலத்தில் காதில் ஒன்றுபோல விழுவதால் ரசிகர்கள் பிடித்துக்கொண்ட சிலேடை நாள்தான் மே 4. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த நாட்காட்டி. கணினி அதிகம் தெரியாதவர்களும் ஒரு மாலையில் செய்துவிடலாம்.

முதலில் மாதங்களை முடிவு செய்யுங்கள். மொத்த வருடத்தையும் எடுத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள், நான் விட்டிருக்கிறேன். மார்ச், ஏப்ரல், மே போதும். இணையப் பட்டியல்கள் இதை வசந்தம் என்கின்றன. கோலாலம்பூரில் ஏது வசந்தம், மதியம் வரை வெயில் அப்புறம் இடியோடு மழை. நம் இளவேனிலும் சித்திரை, வைகாசிதான் என்பதால் மார்ச் அதில் சேராது. பரவாயில்லை, மார்ச் 22 எனக்கு வேண்டும்: 1929இல் பினாங்கில் மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லி பிறந்த நாள்.

அடுத்து, ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: தேதி, வருடம், என்ன நடந்தது. இன்னும் கணினியைத் திறக்க வேண்டாம். வீட்டில் ஆளுக்கு இரண்டு கேளுங்கள். என் தங்கை ஏப்ரல் 14க்கு, 2005இல் சந்திரமுகி, மும்பை எக்ஸ்பிரஸ், சச்சின் மூன்றும் ஒரே நாளில் வந்ததைச் சொன்னாள். அம்மா சொன்னது மே 25, 2013இல் டி.எம்.எஸ். மறைந்த நாள். ஸ்டார் வார்ஸுக்கும் அதே தேதி, பாருங்கள். அப்பா பாரதிதாசன் பிறந்த நாளைச் சொன்னார், 1891 ஏப்ரல் 29.

மூன்றாவது படிதான் வேலை வாங்கும்: சரிபார்ப்பது. ஒவ்வொரு தேதியையும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு இடங்களிலாவது பாருங்கள். நான் வழுக்கிய இடங்களைச் சொல்கிறேன்.

ஷேக்ஸ்பியர் இறந்தது 1616 ஏப்ரல் 23. ஸ்பெயினின் செர்வாண்டிஸும் அதே நாளில் இறந்தார் என்று எங்கு பார்த்தாலும் இருக்கும். ஆனால் அப்போது இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியிலும் ஸ்பெயின் புதிய கிரிகோரியனிலும் இருந்தன, இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22, அடக்கம் செய்ததுதான் 23 என்றும் சொல்கிறார்கள். 23 என்றே வைத்துக்கொண்டாலும், தேதி ஒன்றே தவிர நாள் ஒன்றில்லை. அந்த ஏப்ரல் 23தான் யுனெஸ்கோவின் உலகப் புத்தக நாள். 2020இல் அதே நாளில் கோலாலம்பூர் உலகப் புத்தகத் தலைநகரானது, நாமெல்லாம் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம்.

இன்னொன்று நேரம். டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11:40, மூழ்கியது 15 விடியற்காலை 2:20. இதெல்லாம் கப்பல் நேரம். மோதியபோதே மலாயாவில் 15ஆம் தேதி காலை. நான் நிகழ்ச்சி நடந்த இடத்துத் தேதியையே வைக்கிறேன், உள்ளூர் நேரத்தைக் குறிப்பில் எழுதுகிறேன். அதிலும் ஒரு கண்ணி உண்டு. யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12, மாஸ்கோ நேரம் காலை 9:07க்கு விண்வெளிக்குக் கிளம்பினார். இப்போதைய கணக்கில் அது நமக்குப் பகல் 2:07 என்று வரும், ஆனால் அன்று இங்கே கடிகாரம் 1:37தான் காட்டியிருக்கும். 1982 பிறந்தபோதுதான் நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள்.

சரி, இப்போது கணினி. கைப்பேசியை விடக் கணினி உலாவியில் கூகுள் காலண்டரைத் திறப்பது வசதி. இடது பக்கம் 'மற்ற நாட்காட்டிகள்' பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்திப் புதிய நாட்காட்டி ஒன்றை உருவாக்குங்கள். உங்கள் சொந்த நாட்காட்டியில் கலக்காதீர்கள், பல் மருத்துவருக்கும் ககாரினுக்கும் நடுவில் குழம்பிப்போவீர்கள். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 'நாள் முழுவதும்', 'ஆண்டுதோறும்' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். தலைப்பிலேயே வருடம் வரட்டும்: "பி. ரம்லி மறைவு, 1973 மே 29". ஞாபகமூட்டலை முதல் நாள் மாலைக்கு வையுங்கள். விசாக தினம் மாதிரி பௌர்ணமியைப் பொறுத்து நகர்பவற்றுக்கு மட்டும் 'ஆண்டுதோறும்' வேண்டாம், அடுத்த வருடமே பொய் சொல்லும்.

குறிப்புப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். அந்த நாளில் எங்கே போகலாம் என்று ஒரு வரி போதும். மே 18க்கு எனக்குச் சிரமமே இல்லை: மலேசிய இந்தியர் காங்கிரஸின் முன்னாள் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1979இல் மறைந்த நாள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரிலேயே சாலை இருக்கிறது. மே 4க்கு எழுத நேரம் பிடித்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949இல் கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொல்லி பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலச் சட்டத்தின் கீழ் கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தச் சிறையை இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது பேரங்காடி, பழைய வாசல் மட்டும் நிற்கிறது. எத்தனை முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். "வாசலைப் பார்த்துவிட்டு வா" என்று எனக்கே எழுதி வைத்தேன். ஸ்டார் வார்ஸ் சிலேடையையும் அதே தேதியில் தனியாகப் போட்டிருக்கிறேன், ஒன்றுக்காக மற்றதை அழிக்க மனம் வரவில்லை.

கடைசியாக, அமைப்புகளில் போய் வீட்டார் மின்னஞ்சல்களைச் சேர்த்துப் பகிருங்கள். எல்லாருக்கும் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். நான் பெரியப்பாவுக்குத் திருத்தும் உரிமையும் கொடுத்துவிட்டேன். இப்போது மே மாதத்தில் தினம் ஒன்று வருகிறது.