வியட்நாமியமும் தகலோக்கும்: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

வியட்நாமுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நடுவே ஒரு கடல்தான். இரண்டு நாட்டிலும் கடைப் பலகைகளில் ரோமன் எழுத்து. அதனால் வியட்நாமியமும் தகலோக்கும் தமிழும் மலையாளமும் போல உறவுக்கார மொழிகள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முதல் சறுக்கல் இங்கேதான்.

வியட்நாமியம் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். கம்போடியாவின் கெமர் அதற்குச் சொந்தம்; ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் பேசப்படும் சந்தாலி தூரத்துச் சொந்தம். தகலோக் ஆஸ்திரோனேசியக் குடும்பம். மலாய், ஜாவா மொழி, மடகாஸ்கரின் மலகாசி, ஹவாய் மொழி எல்லாம் அதன் பங்காளிகள். இரண்டு குடும்பப் பெயர்களும் ஒரே மாதிரி ஒலிப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. 'ஆஸ்திரோ' என்றால் தெற்கு, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் எண்களைச் சொல்லிப் பாருங்கள். நான்கு என்பதற்கு வியட்நாமியத்தில் போன், கெமரில் புவன், சந்தாலியில் பொன். தகலோக்கில் அபத், மலாயில் எம்பத். ஐந்துக்கு தகலோக், மலாய் இரண்டிலும் லிமா.

அதற்காக நாட்டு எல்லையை மொழி எல்லையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. நடு வியட்நாமில் உள்ள மீ சோனில் சிவன் கோயில்களைக் கட்டிய சம்பா அரசின் வழிவந்த சாம் மக்கள் இன்றும் வியட்நாமில் வாழ்கிறார்கள். அவர்களுடைய சாம் மொழி ஆஸ்திரோனேசியம். தகலோக்கின் சொந்தம் வியட்நாமுக்குள்ளேயே இருக்கிறது!

எழுத்தை வைத்து மொழியை எடைபோடுவது அடுத்த தவறு. ரோமன் எழுத்து இரண்டுக்குமே பாதிரிமார் கொண்டுவந்தது. 1593-ல் மணிலாவில் அச்சான கிறித்தவ மறைநூலில் தகலோக், அதன் பழைய பாய்பாயின் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் இருக்கிறது. வியட்நாமிய உச்சரிப்பை ரோமன் எழுத்தில் பிடிக்க முயன்ற இயேசு சபையினரின் உழைப்பு, 1651-ல் ரோமில் அலெக்ஸாண்டர் தெ ரோட் வெளியிட்ட அகராதியில் தெரிகிறது. எழுத்து ஒன்று என்பதால் ஒலியும் ஒன்று என்று நினைத்தால் உடனே மாட்டிக்கொள்வோம். வியட்நாமின் நீள அங்கியைப் பலர் 'ஆவோ டாய்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். ஹனோய்க்காரர் வாயில் அது 'ஆவ் ஸாய்', சைகோனில் 'ஆவ் யாய்'. குறுக்குக்கோடு போட்ட 'டி'தான் ட ஒலி தரும். கோடு இல்லாததன் கதை வேறு.

சரி, ஒலிக்கு வருவோம். குரலின் சுரம் ஏறி இறங்கினால் சொல்லின் பொருளே மாறுவதால் வியட்நாமியம் சீனத்துக்குச் சொந்தம் என்று சொல்பவர்கள் உண்டு. சீனச் சொற்கள் அதில் ஏராளம் என்பது உண்மை. ஆனால் கடன் வாங்கியதால் யாரும் பிள்ளையாகிவிட மாட்டார்கள். சுரம் அறிஞர்களையும் ஏமாற்றியிருக்கிறது. 1912-ல் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி மஸ்பெரோ வியட்நாமியத்தைத் தாய்லாந்து மொழியின் பக்கம் சேர்க்கப் பார்த்தார். சுரம் அவருடைய முக்கியமான காரணங்களில் ஒன்று. 1954-ல் பிரெஞ்சு மொழியியலாளர் ஓத்ரிகூர் அதை மாற்றினார். சுரங்கள் வியட்நாமியத்தில் பிறவியிலேயே இருந்தவை அல்ல, சொல்லின் கடைசியில் இருந்த மெய்யொலிகள் தேய்ந்த இடத்தில் முளைத்தவை என்று விளக்கினார். இன்று வடக்கில் ஆறு சுரம், தெற்கில் ஐந்து.

தகலோக்கில் சுரம் இல்லை, எப்படிப் பேசினாலும் புரியும் என்று நிம்மதி அடைவதும் தப்பு. அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறும். 'காபி' என்று முதலசையை நீட்டினால் சேப்பங்கிழங்கு. 'கபீ' என்று கடைசியில் அழுத்தினால் இரவு. எழுதும்போது இரண்டும் ஒன்றுதான், அழுத்தக் குறி போடும் பழக்கம் கிடையாது. குறில் நெடிலில் வளர்ந்த நம் காதுக்கு இது எளிதாகவே பிடிபடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இலக்கணம்; அதிகத் தவறுகளும் அங்கேதான். வியட்நாமிய வினைச்சொல் உருமாறாது. 'அன்' என்றால் உண். முன்னால் தா, தாங், ஸே என்று வைத்தால் உண்டது, உண்பது, உண்ணப்போவது. தகலோக்கில் சொல்லே உடைந்து வளரும். 'காயின்' என்ற வேரிலிருந்து குமாயின், குமாகாயின், காகாயின். இவற்றை மூன்று காலம் என்று பாடமாக்குகிறார்கள். உண்மையில் வேலை முடிந்ததா, நடக்கிறதா, இனிமேலா என்பதுதான் கணக்கு.

இன்னொன்று, 'வாங்கினாள்' என்பதற்குத் தகலோக்கில் வரும் 'புமிலி' வாக்கியமும் 'பினிலி' வாக்கியமும். இரண்டுமே ஒரு பெண் மீன் வாங்கியதைத்தான் சொல்கின்றன. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் முதலாவதைச் செய்வினை, இரண்டாவதைச் செயப்பாட்டுவினை என்று எழுதிவைத்துக்கொண்டு, 'மீன் பெண்ணால் வாங்கப்பட்டது' என்று பெயர்க்கிறார்கள். தகலோக் பேசுபவருக்கு இரண்டாவது அன்றாடம் வாயில் வரும் வாக்கியம். 'மீன் வாங்கினாள்', 'மீனை வாங்கினாள்' என்ற இரண்டையும் பாருங்கள். எந்த மீன் என்று கேட்பவருக்கும் தெரிந்திருந்தால் நாம் 'ஐ' போடுகிறோம். அதே வேலையைத் தகலோக் வினையை மாற்றிச் செய்கிறது. தமிழ் வழியாகப் போனால் ஒரு வரியில் விளங்குவதை, ஆங்கிலம் வழியாகப் போய் ஏன் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டும்?

'நாங்கள்', 'நாம்' விஷயமும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு ஒரே சொல். தகலோக்கில் காமி என்றால் நாங்கள், தாயோ என்றால் நாம். வியட்நாமியத்தில் சுங் தொய், சுங் தா. உறவே இல்லாத மூன்று மொழிகளுக்கும் ஒரே நுணுக்கம். வியட்நாமியர் அண்ணன், அக்கா, மாமா என்றே எதிரில் இருப்பவரை அழைப்பார்கள். பேசுபவரும் தன்னைத் 'தம்பி' என்றே சொல்லிக்கொள்வார். 'அண்ணன் சொல்றேன், கேளு' என்று நாம் எப்போதாவது சொல்வது அங்கே அன்றாடப் பேச்சு. தகலோக்கில் மரியாதைக்கு 'போ' என்று ஒரு சிறு சொல்லைச் சேர்ப்பார்கள்.

எது எளிது என்று கேட்பவர்கள் அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனத்தின் பட்டியலைக் காட்டுவார்கள். அதில் இரண்டும் ஒரே வகுப்பு, 44 வாரம், 1100 மணி நேரம். அது ஆங்கிலம் பேசுபவருக்குப் போட்ட கணக்கு. தமிழருக்குப் பொருந்தாது.

பெயர்க் குழப்பமும் உண்டு. 1987 அரசியல் சட்டத்தின்படி பிலிப்பைன்ஸின் தேசிய மொழியின் பெயர் பிலிப்பினோ. அதன் அடித்தளம் தகலோக். ஆனால் செபுவானோ, இலோகானோ என்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே இருக்கின்றன. செபுவானோ பேசும் செபு தீவுக்காரரிடம் போய் 'உங்கள் தாய்மொழி தகலோக்தானே' என்று கேட்டுவிடாதீர்கள்.

அப்புறம், ஒலி ஒத்துப்போகும் சொற்களை வைத்து உறவு கொண்டாடும் ஆசை. தகலோக்கில் முகம் 'முக்கா', ஆசிரியர் 'குரோ'. இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து போனவை. நம் மாங்காய் மலாய் வழியாகப் போய் அங்கே 'மங்கா' ஆனது. வியட்நாமியர் அதை 'ஸ்வாய்' என்கிறார்கள். அது கெமர் பக்கத்துச் சொல். தகலோக்கில் பன்மைக்கு முன்னால் 'மஙா' என்று சேர்ப்பார்கள். மணிலா சந்தையில் மாம்பழங்கள் 'மஙா மங்கா'.