படம் பார்த்து எழுதும் கூட்டங்களில் நடக்கும் தவறுகள்

பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு புகைப்படத்தை வைத்து, அதைப் பார்த்துக் கவிதையோ கதையோ எழுதவும் வரையவும் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு பாய், சில நோட்டுகள், கலர் பென்சில் இருந்தால் போதும். பாம்பன், மண்டபம் பக்கத்து ஊர்களில் சில ஆண்டுகளாக இப்படி உட்கார்ந்து வருகிறோம். கிழிந்த வலை பொத்துகிற ஐயா, கடலில் பாசி எடுக்கப் போகும் அக்காமார், ஓய்வு பெற்ற ஆசிரியை, பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை தேடும் தம்பிகள் என்று எல்லாரும் வருகிறார்கள். சுலபமாகத் தெரிகிற வேலை இது. சுலபமாகக் கெட்டும் போகும். எங்கே கெடுகிறது என்று நான் கண்டதை, புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே

இந்தக் கரையில் குழு தொடங்குகிறவர்களின் கை முதலில் போவது தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயப் படத்துக்கு. அடுத்தது பாம்பன் பாலம், அதற்கடுத்து அரிச்சல்முனைச் சூரியோதயம். எங்கள் முதல் கூட்டத்திலும் தேவாலயம்தான். பத்துப் பேர் எழுதியதை வாசித்தபோது பத்திலும் ‘அழிந்த நகரம்’ இருந்தது. ஆறில் ‘மௌனம் பேசும் சுவர்கள்’ இருந்தன. யாரும் படத்தைப் பார்க்கவில்லை. அந்தப் படத்துக்கென்று ஏற்கெனவே மனதில் கிடந்த சொற்களை எடுத்து வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆயிரம் முறை பார்த்த படத்தை ஆயிரத்து ஓராவது முறை புதிதாகப் பார் என்று கேட்டது என் தவறு.

அடுத்த முறை வேறு படம் கொண்டுபோனேன். பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஓர் அக்காவின் கைகள் மட்டும். விரல் ஒவ்வொன்றிலும் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தது. பாறை அறுக்காமல் இருப்பதற்கான சுற்று. நனைந்த துணி கறுத்து, ஓரங்களில் நூல் பிரிந்து, கட்டைவிரல் சுற்று மட்டும் அவிழ்ந்து தொங்கியது. சேலைக்கு மேல் போட்ட டி-ஷர்ட்டின் ஓரமும் பாசிச் சாக்கின் வாயும் மூலையில் தெரிந்தன. அன்று பத்துப் பேரும் பத்து விதமாக எழுதினார்கள். கட்டைவிரல் சுற்று ஏன் அவிழ்ந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு தம்பி முழுக் கதை எழுதினான். ஊரே அறிந்த படத்தை விடுங்கள். ஊருக்குள் கிடந்தும் யாரும் நின்று பார்க்காததை எடுங்கள்.

பார்ப்பதற்கு முன்பே எழுதுவது

படத்தை வைத்த மறுநிமிடமே பேனா ஓடத் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பத்து நிமிடம் யாரும் எழுதக் கூடாது, பேசவும் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா பார் என்றால் கண் அலையும். அதனால் பார்ப்பதற்கு ஒரு வரிசை கொடுக்கிறேன். அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள்.

முதலில் இடமும் பொழுதும். நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, மணல் ஈரமா உலர்ந்ததா, கடல் ஏற்றமா வற்றமா. அடுத்து கரு. படத்தில் என்னென்ன இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக. அடும்பங்கொடியா, தாழையா, பனையா, சீமைக்கருவேலமா, எந்தப் பறவை, என்ன வலை. இவ்விரண்டும் முடிந்த பிறகுதான் உரி, அதாவது அந்த இடத்துக்குரிய உணர்வு. கடற்கரைத் திணையான நெய்தலுக்கு இரங்கல் உரியது என்று படித்திருக்கிறோம். ஆனால் கடற்கரைப் படம் என்றதும் இரங்கலில் ஆரம்பித்தால் முதலும் கருவும் கண்ணில் படாமல் போகும். சங்கப் பாட்டுக்காரர்கள் அடும்பின் பூவையும் நண்டின் ஓட்டத்தையும் அவ்வளவு கூர்மையாகப் பார்த்ததால்தான் அந்த இரங்கல் இன்றும் நம்மைத் தொடுகிறது.

எல்லாமே ‘படகு’, எல்லாமே ‘காற்று’

கரையில் பிறந்தவர்கள்கூட நோட்டை எடுத்ததும் வேறு ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். வீட்டில் வத்தை, வல்லம் என்று பிரித்துச் சொல்கிறவர், எழுதும்போது ‘படகு’ என்கிறார். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் ஊரில் ‘தென்றல் வீசியது’ என்று எழுதுகிறார்கள்.

இது சொல் அழகு பற்றிய பேச்சு மட்டும் இல்லை. ஒருநாள் ஒரு படத்துக்கு ஆசிரியை ‘தென்கடல் அமைதி’ என்று தலைப்பு வைத்தார். வல்லங்கள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் படம். வலை பொத்துகிற ஐயா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இது எந்த மாசம் எடுத்த படம் டீச்சர்?” என்றார். ஜூலை. “கச்சான் போடுற மாசத்துல தென்கடல்ல வல்லத்தை இப்படிக் கட்ட முடியுமா? அலை தூக்கிப் போட்டுரும். இது வடகடல்.” பாம்பனில் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணைப் பக்கம். தென்மேற்குக் காற்றான கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வடக்கிலிருந்து வரும் வாடையில் இது மாறும். காற்றைப் பார்த்துத்தான் இங்கே தொழிலைக் கரை மாற்றுகிறார்கள். ஆசிரியை கவிதையை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். முதுகுக்குப் பின்னால் ஒரு கடல் இரைய, கண்முன்னால் ஒரு கடல் தூங்குகிற கவிதை ஆனது அது. அந்த ஐயா எழுதுவதில்லை, கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் குழுவில் படத்தை மிக நன்றாக வாசிப்பவர் அவர்தான். எழுதத் தெரிந்தவர்களை மட்டும் கூப்பிடுவதும் ஒரு தவறு என்று இதனால்தான் சொல்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஐயாவின் பேச்சைத் தம்பி ஒருவன் அப்படியே எழுதிக் கொடுத்தால், ‘பிழை திருத்துகிறேன்’ என்று யாராவது அதை ஏட்டுத் தமிழாக்கிவிடுகிறார்கள். ஒற்றுப்பிழையைத் திருத்துங்கள். ‘பாடு இல்லை’ என்பதை ‘மீன் கிடைக்கவில்லை’ என்று மாற்றாதீர்கள். பாடு என்ற சொல்லுக்குள் கிடைத்த மீனும் இருக்கிறது, பட்ட பாடும் இருக்கிறது.

காலம் தவறுவது

பழைய படத்துக்கு வருடத்தை ஊகித்து எழுதும்போது கவனம் வேண்டும். பாம்பனைப் பொறுத்தவரை படமே சாட்சி சொல்லும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலே எழும்படி இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி படுத்தவாக்கிலேயே நேராக உயரும். பக்கத்தில் வாகனங்கள் ஓடும் சாலைப் பாலம் இருந்தால் படம் 1988-க்கு முந்தையதாக இருக்க முடியாது. தாத்தாவின் இளமையைப் பற்றிய கதையில் சாலைப் பாலத்தின் மேல் பஸ் போனால் ஊர்க்காரர் ஒருவர் உடனே கண்டுபிடித்துவிடுவார், அதற்குப் பிறகு கதையை நம்ப மாட்டார்.

புயல் படங்கள்

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயில் ஆட்களோடு கடலில் போனது. தனுஷ்கோடி ஊரே போனது. நமக்கு இது வரலாறு. அந்த இரவைச் சிறு வயதில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒருமுறை இடிந்த ரயில் நிலையப் படத்தை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நடுவில் வைத்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி டீ வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். அன்றிரவு அவருடைய அண்ணன் வீடு திரும்பவில்லை என்று மகள் பிறகு சொன்னார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது முந்தின வாரமே என்ன படம் என்று சொல்லிவிடுவோம். வராமல் இருக்கவும், வந்து எழுதாமல் இருக்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் படம் என்றால், அந்த வீட்டார் தாங்களாகக் கொண்டு வந்தால் தவிர எடுப்பதில்லை.

யாருடைய படம்?

வாட்ஸ்அப்பில் வந்தது, அதனால் பொதுச்சொத்து என்று நினைப்பது பரவலான தவறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின் அது அவர் ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட குடும்பப் படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. பார்த்து எழுதுவது ஒன்று. அந்தப் படத்தையும் சேர்த்து அச்சடிப்பது வேறு. அச்சடிக்கும் முன் எடுத்தவரைக் கேளுங்கள்.

சட்டத்துக்கு அப்பால் படத்தில் இருப்பவர் இருக்கிறார். தலையில் ஈரத்தோடு கரையேறும் பெண்ணை யாரோ சுற்றுலாப் பயணி எடுத்திருப்பார். அந்தப் பெண்ணுக்கே அது தெரியாது. மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் குடும்பங்களின் படங்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கடல் தாண்டி வரும்போது கையில் கொண்டுவந்தது ஒரே ஒரு படமாக இருக்கலாம். அதில் அங்கேயே தங்கிவிட்டவர்களின் முகம் இருக்கும். வட்டத்துக்குள் காட்டுவதற்குச் சம்மதித்தவர் வெளியே பரப்பவும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கையில் வாங்கும் பழைய படத்துக்கு உப்புக்காற்று ஏற்கெனவே எதிரி. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடே செல்போனில் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். பின்னால் பெயர் எழுத வேண்டுமானால் பென்சிலால் மெதுவாக, பால்பாயின்ட் கூடாது. பிளாஸ்டிக் உறையைவிடக் காகித உறை நல்லது.

வரைகிறவர்களுக்கு

கட்டம் போட்டுப் படத்தை அப்படியே நகலெடுப்பது கைப்பயிற்சிக்கு நல்லது, அதோடு நிற்க வேண்டாம். ‘எனக்கு வரைய வராது’ என்கிற அக்காமார் காலையில் புள்ளி வைத்து இழுக்கிற கோலத்தைக் கேளுங்கள், பனையோலைப் பெட்டியின் பின்னலைக் கேளுங்கள். ஒட்டுப்படம் செய்ய ஆசைப்பட்டுக் கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் கடல் விசிறியையும் காய்ந்த கடல்குதிரையையும் பொறுக்காதீர்கள். அவை 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. எதிரே 21 தீவுகளோடு கிடப்பது கடல்சார் தேசியப் பூங்கா. அறுந்த நைலான் வலை, கயிற்றுப் பிசிறு, மிதவைத் துண்டு எல்லாம் கரை முழுக்கக் கிடக்கின்றன. பச்சை, நீலம், ஆரஞ்சு, வேண்டிய நிறம் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

முடித்ததும் மேடைக்கு

எழுதி முடித்தவுடன் பரிசு, விழா என்று ஓடுகிறோம். படத்தில் இருப்பவரிடம் முதலில் போவதில்லை. அந்த விரல் படத்துக்கு எழுதியவற்றை எடுத்துக்கொண்டு நாங்கள் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். திண்ணையில் பாசி உதறிக்கொண்டே கேட்டார். ஒரு கவிதையில் ‘கை எரிகிறது’ என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“கை மரத்துப் போச்சு தம்பி, அது எரியுறதில்ல. முங்கி முங்கி எந்திரிக்கிறதுல காதுதான் வலிக்கும். ராத்திரி படுத்தா உள்ள கடல் இரையுற மாதிரியே இருக்கும்.”

எழுதிய தம்பி அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை மாற்றினான். படத்தில் காது இல்லை. கவிதையில் இப்போது இருக்கிறது.