புது டாக்டரிடம் 'அசதி' என்று மட்டும் சொல்லாதீர்கள்

பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் தங்கைக்கு, எம்.இ./சி.எஃப்.எஸ். என்று டாக்டர்கள் எழுதும் நாட்பட்ட களைப்பு நோய். ஐந்து வருடத்தில் நான்கு டாக்டர்களைப் பார்த்துவிட்டோம். அவளுடன் துணைக்குப் போய் வந்தவன் நான். நாங்கள் செய்த தவறுகளை இன்னொரு குடும்பம் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, நோயை ஒரே சொல்லில் முடித்துவிடுவது. "ரொம்ப அசதியா இருக்கு டாக்டர்." இங்கே கன்னடத்தில் 'சுஸ்து' என்போம். காலையிலிருந்து எத்தனையோ பேர் அதையே சொல்லியிருப்பார்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாவற்றிலும் சுஸ்து உண்டு. இந்த நோயைத் தனியாகக் காட்டுவது அந்தக் களைப்பு எப்போது வருகிறது என்பதுதான். கொஞ்சம் கூடுதலாக உழைத்தால், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடம்பு அடித்துப்போட்டது போல ஆகிவிடும். நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நீடிக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். என் தங்கை நான்காவது டாக்டரிடம் சொன்னது இது: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரஸ்ஸல் மார்க்கெட் போயிட்டு வந்தேன். திங்கக்கிழமை ஒண்ணும் தெரியல. செவ்வாய் காலைல பல் தேய்க்கக் கையைத் தூக்க முடியல. வியாழன் வரைக்கும் படுக்கைதான்." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "பல் தேய்க்கவா?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

'மயக்கம்' என்ற சொல்லும் இப்படித்தான். தலை சுற்றுவதும் மயக்கம், நினைவு தப்புவதும் மயக்கம். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, படுத்தால் சரியாகிறதா என்று பிரித்துச் சொன்னால் டாக்டருக்கு வழி கிடைக்கும்.

அப்புறம், உடம்பு நன்றாக இருக்கிற நாளில்தானே டாக்டரிடம் போக முடிகிறது? குளித்து, இஸ்திரி போட்ட சுடிதாரில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால் நோயாளி மாதிரியே இருக்காது. இன்று வந்ததற்கு நாளை மறுநாள் படுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நோயின் பெயரை எடுத்தவுடன் சொல்லாமல், அறிகுறிகளைச் சொல்லிவிட்டு, "இது அதுவாக இருக்குமா?" என்று கேட்பது நல்லது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015இல் வகுத்த அளவுகோல்படி, ஆறு மாதத்துக்கு மேல் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாத களைப்பு, உழைத்த பிறகு மோசமாவது, தூங்கி எழுந்தும் தெளிவில்லாமை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். கூடவே மூளை மந்தமாவது அல்லது நிற்கும்போது மோசமாவது, இரண்டில் ஒன்றும் வேண்டும். இதை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. ஆனாலும் தைராய்டு, ஹீமோகுளோபின் எடுக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். குணப்படுத்தக்கூடிய வேறு ஏதாவது ஒளிந்திருக்கலாம்.

"தினமும் வாக்கிங் போங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க" என்றால் பேசாமல் தலையாட்டிவிட்டு வருவதுதான் எனக்கு மனம் பொறுக்காத தவறு. என் தங்கை அப்படி நடந்துதான் இரண்டு மாதம் படுத்தாள். பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் அந்த முறையை 2021 வழிகாட்டுதலில் இந்த நோய்க்குக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மரியாதையாகக் கொடுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு நடந்தீர்கள், பிறகு என்ன ஆனது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

கூட வருகிறவர் பேச ஆரம்பித்தாலும் சிக்கல்தான். "இவ சரியா சாப்பிடறதில்ல டாக்டர்" என்று அம்மா தொடங்கினால் கிடைத்த பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். சித்த மருந்து, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள். பை நிறைய ரிப்போர்ட்டுக்கு மேலே ஒரே ஒரு தாளில் சுருக்கம் போதும்.

காத்திருக்கும்போது படுக்க இடம் கேட்கவும் தயங்க வேண்டாம். நாங்கள் மூன்று வருடம் கழித்துத்தான் கேட்டோம். ஊசி போடும் அறையில் காலியாக இருந்த கட்டிலை நர்ஸ் உடனே காட்டினார்.